மடிக்கணினியின் மின்வாய்: திருத்துவதா, மாற்றுவதா?



பழுதுற்ற கருவியொன்றைத் திருத்துவதா, அன்றி அதனை நீக்கிப் புதியதொன்றை வாங்குவதா என்னும் வினா நமக்குப் புதியதன்று. தோட்டக் கிணற்றில் துலாக்கொடி அறுந்த நாளிலும் இவ்வினா எழுந்தது. நீரிறைக்கும் இயந்திரம் இடைநடுவில் நின்ற நாளிலும் எழுந்தது. ஆயினும், கொடி அறுந்தது என்பதற்காகத் துலாவை வெட்டி விறகாக்கிய தோட்டக்காரர் எவருமிலர். அறுந்தது எது, நின்று நிலவுவது எது என்று பிரித்துப் பார்க்கும் அறிவு அவர்களிடம் இருந்தது. அவ்வறிவையே இன்று மடிக்கணினி என்னும் கருவியிற் செலுத்திப் பார்ப்பது இப்பேச்சின் நோக்கமாகும்.

புத்தூரில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தியை மனத்திற் கொள்வோம். அவளுடைய வீட்டில் மடிக்கணினி ஒன்றே உண்டு. பாடக்குறிப்புகளும் செயற்றிட்ட அறிக்கையும் அதிலேயே உள்ளன. தந்தையாரின் வெங்காயச் செய்கைக் கணக்கும், குடும்பத்தின் பழைய நிழற்படங்களும் அதிலேயே உள்ளன. ஒருநாள் சார்ஜரைச் செருகினால் விளக்கு எரியவில்லை. முனையைச் சற்றே அசைத்தால் எரிகின்றது. கையை எடுத்தால் அணைகின்றது. எஞ்சியிருப்பது இரண்டு மணி நேர மின்சாரம். பரீட்சைக்கோ சில வாரங்களே உள. இந்நிலையில் அவ்வீட்டார் யாது செய்தல் வேண்டும்? ‘புதியது வாங்குவோம்’ என்பதும், ‘எவரிடமாவது கொடுத்துத் திருத்துவோம்’ என்பதும் அவசரத்திற் பிறக்கும் விடைகள். ஒழுங்காக ஆராய்ந்தால் இவ்விரண்டிற்கும் முன்னர்ச் செய்யவேண்டிய காரியங்கள் சில உள்ளன என்பது விளங்கும்.

முதலிற் கருவியின் அமைப்பை அறிவோம். சார்ஜரின் முனை சென்று பொருந்தும் துளையைக் கடைக்காரர் ‘சார்ஜிங் போர்ட்’ என்பர். நாம் மின்வாய் என்போம். நம் வீட்டுச் சுவரில் உள்ள மின்சாரம் 230 வோல்ற்று ஆடலோட்டம். சார்ஜர் அதனைக் குறைத்து நேரோட்டமாக்கி, பெரும்பாலும் 19 அல்லது 20 வோல்ற்று அளவில் இம்மின்வாயின் வழியே கணினிக்கு ஊட்டுகின்றது. கணினி அதனைக் கொண்டு தானும் இயங்கி, மின்கலத்தையும் நிரப்பிக்கொள்கின்றது. ஆகவே, பல்லாயிரம் ரூபா பெறுமதியான கருவி முழுவதும் உணவுக்காக நம்பியிருப்பது விரல்நுனியளவான இச்சிறு உறுப்பையே.

இது பழுதுறும் காரணமும் எளிதில் விளங்கத்தக்கது. கணினியின் உறுப்புகளுள் நாள்தோறும் நம் கையின் விசையை நேரே தாங்குவன மிகச் சில. அவற்றுள் மின்வாய் தலையாயது. கம்பி காலில் இடறுகின்றது. படுக்கையிற் சாய்த்து வைத்த கணினியின் பாரம் செருகிய முனையின் மீது விழுகின்றது. முனையைச் செருகியபடியே கருவியை அறைக்கு அறை தூக்கிச் செல்கின்றோம். செருகிய முனை ஒரு நெம்புகோல் போன்றது. வெளியில் ஒரு சிறு தள்ளல், உள்ளே பற்றாசின் மீது பெருவிசையாக மாறுகின்றது. பொற்கொல்லர் அணிகலன்களை ஒட்டுதற்குப் பற்றாசு வைப்பதை அறிவீர்கள். மின்வாயின் கால்களும் தாய்ப்பலகையில் அவ்வாறே பற்றவைக்கப்பட்டுள்ளன. அப்பற்றில் மயிரிழை போன்ற வெடிப்பு ஏற்பட்டால், அசைத்தபோது மின் தொடுகின்றது, விட்டபோது விலகுகின்றது. தொட்டும் விலகியும் நிற்குமிடத்திற் பொறி எழும். பொறியினால் வெப்பம் எழும். வெப்பத்தாற் பலகை கருகும். ஆதலின், முனைக்குக் கீழே காகிதத்தை மடித்து வைத்தும், கம்பியை வளைத்துக் கட்டியும் வாரக்கணக்காக ஓட்டுதல் சிக்கனமன்று. சிறு பழுதைப் பெரும்பழுதாக வளர்க்கும் வழி அதுவே.

அடுத்து, எஞ்சியுள்ள இரண்டு மணி நேரத்தை எதற்குச் செலவிடுவது என்று பார்ப்போம். புத்தூருக்கு அயலூராகிய சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டிற் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். செல்லரித்தும் இதழ் முறிந்தும் அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடியெடுத்து, ஒப்புநோக்கி, கலித்தொகை முதலிய நூல்களை அச்சேற்றிய பெருந்தகை. ஏடு என்பது ஒரு கலம். நூல் என்பது அதனுள் இருக்கும் பொருள். கலம் அழியுமுன் பொருளைப் பெயர்த்து வைத்ததனாலேயே 1887இல் அவர் பதிப்பித்த கலித்தொகை இன்று நமக்கு நூலாக நிற்கின்றது. மடிக்கணினியும் கலமே. இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம். எழுதிய அறிக்கையையும் இறந்துபோன பாட்டியாரின் படத்தையும் எக்கடையிலும் வாங்க இயலாது. ஆதலால் மின்சாரம் எஞ்சியிருக்கும்போதே, வேறெந்த வேலையும் செய்யாது, முக்கியமானவற்றைப் பென்டிரைவிலோ வெளி வன்தட்டிலோ பிரதிசெய்துகொள்ளல் வேண்டும். திரையின் ஒளியைக் குறைத்துவிட்டால் மின்சாரம் இன்னுஞ் சிறிது நேரம் நிற்கும்.

மின்சாரம் முற்றாகத் தீர்ந்துவிட்டதாயினும் மனந்தளர வேண்டியதில்லை. மின்வாய் பழுதானமையால் வன்தட்டில் உள்ளவை அழிவதில்லை. பல கணினிகளில் அத்தட்டைக் கழற்றி, வேறொரு கணினியோடு இணைத்துப் படிக்கலாம். ஆனால் இரண்டு விதிவிலக்குகள் உள. சில மெல்லிய கணினிகளிற் சேமிப்பு உறுப்பு தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனைக் கழற்ற இயலாது. இன்னும், புதிய கணினிகள் பலவற்றில் உள்ளடக்கம் மறைகுறியாக்கப்பட்டிருக்கும். அதற்குரிய மீட்புத் திறவுகோல் எண் இல்லாமல் எவராலும் படிக்க இயலாது. அவ்வெண்ணைக் கணினி நலமாயிருக்கும்போதே குறித்து வைத்தல் நன்று.

இனி, பழுது உண்மையில் மின்வாயில்தானா என்று துணிதல் வேண்டும். நீரிறைக்கும் இயந்திரம் ஓடியும் நீர் வரவில்லையெனில், அநுபவமுள்ள தோட்டக்காரர் இயந்திரத்தைப் பிரிக்கமாட்டார். கிணற்றுள் இருக்கும் குழாயின் அடிவாய் அடைத்ததா, குழாயிற் காற்று நுழைந்ததா என்று வெளியிலிருந்து உள்ளே வருவார். கணினிக்கும் அம்முறையே பொருந்தும்.

முதலாவது, சுவரிலுள்ள மின்செருகி. வட்ட முனையும் சதுர முனையும் கலந்து புழங்கும் நம் வீடுகளில் இடைப்பொருத்திகள் தளர்ந்திருப்பது வழக்கம். வேறொரு செருகியிற் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது, சார்ஜர். அதன் கம்பி பெரும்பாலும் முனைக்கு அருகிலும் பெட்டிக்கு அருகிலும் உள்ளே அறுந்துவிடும். மல்ரிமீற்றர் உள்ள ஒருவரிடம் கொடுத்து, சார்ஜரின் மேல் எழுதப்பட்ட வோல்ற்று முனையிற் கிடைக்கின்றதா என்று அளக்கலாம். அல்லது அதே இனக் கணினி வைத்திருப்பவரிடம் சார்ஜரை இரவல் வாங்கிப் பரீட்சிக்கலாம். இரவல் வாங்கும்போது ஒரு விதியை மறத்தலாகாது: வோல்ற்று ஒத்திருத்தல் வேண்டும், அம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருத்தல் வேண்டும். வோல்ற்று என்பது தள்ளும் வலிமை. அது மிகுந்தாற் கருவி எரியும். அம்பியர் என்பது தரக்கூடிய ஓட்டத்தின் அளவு. அது கூடுதலாக இருந்தாலும் கருவி தனக்கு வேண்டியதையே எடுத்துக்கொள்ளும். 19.5 வோல்ற்று, 3.34 அம்பியர் என்று எழுதியிருந்தால், இரண்டையும் பெருக்க ஏறக்குறைய 65 வாற்று வரும். அத்தகைய கணினிக்கு 45 வாற்றுச் சார்ஜர் போதாது.

மூன்றாவது, துளையின் தூய்மை. நம் செம்மண் நிலத்தின் நுண்துகளும், பையிலுள்ள பஞ்சும் துளையுட் சென்று இறுகினால் முனை முழுவதும் உட்செல்லாது. கணினியை நிறுத்தி, சார்ஜரை அகற்றியபின், உலர்ந்த மரக்குச்சியினால் மெல்ல நீக்கலாம். ஊசியோ பின்னோ கூடாது. இவ்வளவினாலேயே தீர்ந்துபோகும் ‘பழுதுகள்’ உண்டு.

நான்காவது, அறிகுறிகளைப் பிரித்தறிதல். சார்ஜரிற் கணினி நன்றாக இயங்குகின்றது, ஆனால் மின்கலம் மட்டும் நிரம்பவில்லையெனில், ஐயம் முதலில் மின்கலத்தின் மீதே செல்லுதல் வேண்டும். டெல், எச்.பி. போன்ற சில இனங்களில் வட்டத் துளையின் நடுவே மெல்லிய ஊசியொன்று உண்டு. அது மின்சாரம் தருவதற்கன்று. இன்ன சார்ஜர் வந்துள்ளது என்று கணினிக்கு அறிவிப்பதற்கு. அவ்வூசி வளைந்தாலோ, கம்பியில் அதற்குரிய இழை அறுந்தாலோ, ‘சார்ஜரை அடையாளங்காண இயலவில்லை’ என்று கணினி கூறி, மின்கலத்தை நிரப்ப மறுக்கும். முனையை அசைத்தால் எரிந்து, விட்டால் அணைகின்றது. வேறு சார்ஜரிலும் அவ்வாறே நிகழ்கின்றது என்றால், மின்வாய்தான் பழுது என்று பெரும்பாலும் துணியலாம்.

துணிந்தபின், அம்மின்வாய் எவ்வகையினது என்பதை அறிதல் வேண்டும். திருத்தும் செலவும் ஆபத்தும் இதனையே பொறுத்தன. முதல் வகையில், மின்வாய் குறுகிய கம்பியொன்றின் நுனியில் இருக்கும். மறுநுனி தாய்ப்பலகையிற் செருகப்பட்டிருக்கும். இதனை மாற்றத் திருப்புளியும் பொறுமையும் போதும். இரண்டாம் வகையில், வட்டத் துளை தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். ஈயங்கலந்த பற்றாசு 183 பாகை சதமளவில் உருகும். இக்காலக் கணினிகளில் உள்ள ஈயமற்ற பற்றாசோ ஏறக்குறைய 217 பாகைக்கு மேலேதான் உருகும். அத்துடன் பலகையினுள் உள்ள செப்புத் தகடுகள் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். வலிமையற்ற சூட்டுக்கோலை நெடுநேரம் அழுத்தினால், பலகையின் செப்புத்தடமே உரிந்து வந்துவிடும். ஆகவே இது பழகிய கையின் வேலை.

மூன்றாம் வகை யூ.எஸ்.பி. ‘சி’ எனப்படும் நீள்வட்டத் துளை. தன் சந்தையில் விற்கப்படும் மடிக்கணினிகள் 2026 ஏப்பிரல் 28 முதல் இத்துளையைக் கொண்டிருத்தல் வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2022இற் சட்டம் இயற்றியது. எனவே வருங்காலத்தில் இதுவே பெருவழக்காகும். இதனுள் 24 தொடுமுனைகள் உள. சார்ஜர் முதலில் 5 வோல்ற்று மட்டுமே தரும். பின்னர்க் கணினியும் சார்ஜரும் தமக்குள் குறிப்பறிந்து, 20 வோல்ற்று வரை உயர்த்திக்கொள்ளும். அக்குறிப்பைக் கடத்தும் முனைகள் பழுதானால் வேண்டிய அளவு மின்சாரம் கிடைக்காது; கணினி நிரம்பாது. இத்துளையை மாற்றுவதற்குச் சூடான காற்றைப் பாய்ச்சும் கருவியும் உருப்பெருக்கியும் வேண்டும். ஆனால் இவ்வகையில் ஓர் ஆறுதலும் உண்டு. பல கணினிகளில் இத்தகைய துளைகள் இரண்டிருக்கும். ஒன்று பழுதானால் மற்றதன் வழியே ஊட்டலாம். வட்டத் துளை உள்ள கணினிகள் சிலவும் யூ.எஸ்.பி. ‘சி’ வழியே மின்னேற்றிக்கொள்ள வல்லன. கைந்நூலைப் பார்த்து இதனை அறிந்தால், திருத்தமே தேவையின்றிப் பரீட்சைக் காலத்தைக் கடந்துவிடலாம்.

இப்பொழுது பணக்கணக்கிற்கு வருவோம். ‘திருத்துஞ்செலவு புதியதன் விலையிற் பாதிக்குக் குறைவாயின் திருத்து’ என்றொரு வாய்பாடு மக்களிடையே வழங்குகின்றது. அது முழுமையானதன்று, ஏனெனில் கருவி இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை அது கேட்பதில்லை. நாம் வாங்குவது இரும்பையும் நெகிழியையுமன்று. உழைக்கும் ஆண்டுகளையே வாங்குகின்றோம். மாதிரிக்காக ஒரு கணக்குப் போடுவோம். திருத்தம் 12,000 ரூபா. அதன்பின் கருவி இரண்டாண்டு உழைக்கும் என்று கொண்டால், ஆண்டுக்கு 6,000 ரூபா. கைமாறிய கணினியொன்று 75,000 ரூபா. அது மூன்றாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 25,000. புதியது 180,000 ரூபா. ஆறாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 30,000. இனி, திருத்திய கருவி ஆறு மாதமே உழைத்ததென்று வைத்துக்கொள்வோம். அப்பொழுதும் செலவு ஆண்டுக்கு 24,000 ரூபா வீதமே ஆகின்றது. இந்த எண்கள் உதாரணமே. உங்கள் ஊரில் இன்று சொல்லப்படும் விலைகளை அவற்றினிடத்தில் வைத்துப் பார்த்தால், உங்கள் விடை உங்களுக்கே கிடைக்கும்.

இக்கணக்கு பொருந்துவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உடலின் ஏனைய உறுப்புகள் நலமாயிருத்தல் வேண்டும். புத்தூருக்கு அணித்தே நவக்கிரியில் உள்ள நிலாவரைக் கிணற்றை நீங்கள் அறிவீர்கள். மேலே நன்னீர், ஆழத்திற் செல்லச் செல்ல உவர்நீர். திருத்தச் செலவும் அத்தகையதே. முதலில் இறைக்கும் பணம் நன்னீராகப் பயன் தரும். மின்வாய்க்குப் பின் மின்கலம், மின்கலத்திற்குப் பின் பிணைச்சல், பிணைச்சலுக்குப் பின் திரை என்று ஆழ்ந்துகொண்டே போனால் உவர்நீரே மிஞ்சும். எனவே திருத்தக் கொடுக்குமுன், ‘இவ்வளவுக்கு மேற் போவதில்லை’ என்று ஓர் எல்லையைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

மென்பொருளின் ஆயுளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விண்டோஸ் 10 என்னும் இயக்க ஏற்பாட்டிற்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிவுற்றது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்கமாட்டா. ஆயினும் இதனாற் கருவி பயனற்றதாகிவிடாது. கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் வகைகளை நிறுவி, எழுதவும் படிக்கவும் கணக்கு வைக்கவும் பயன்படுத்தலாம். தமக்கு வேண்டிய மென்பொருள் அதில் இயங்குமா என்று கேட்டறிந்து முடிவு செய்க.

எப்பொழுது திருத்தாது விடுதல் தகும்? நீர் புகுந்து பலகை பல இடங்களில் அரித்திருந்தால். மின்வாயைச் சுற்றிப் பலகை கருகியிருந்தால். ஒருமுறை திருத்தியும் அதே பழுது விரைவில் மீண்டிருந்தால். அப்பொழுது விடுதல் அறிவுடைமை. மின்கலம் உப்பியிருப்பின், அது வேறு வகையான எச்சரிக்கை. அதனை மேலும் மின்னேற்றலும், அழுத்தலும், துளைத்தலும் கூடா. உடனே நிறுத்தித் தகுந்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும். விட்ட கருவியையும் வேலியோரத்தில் எறிதலாகாது. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகிற் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் தொன் என்றும், அதில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரிக்கப்பட்டதாகப் பதிவாயிற்று என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகின்றது. கிணற்றுநீரையே குடித்து வாழும் நம் குடாநாட்டில், நிலத்தில் வீசிய நஞ்சு சுண்ணக்கல்லின் வெடிப்பு வழியே நம் குடத்திற்கே திரும்பும்.

பொருளை எளிதில் மாற்றிக்கொள்ள இயலாத காலங்களை நம்மவர் நன்கு அறிவர். 1990இற்குப் பின்னர்ப் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில், மின்சாரமும் மின்கலமும் அற்ற யாழ்ப்பாணத்தில், மிதிவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். மண்ணெண்ணெயைக் கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். 2022இலும் ரூபாவின் பெறுமதி சில மாதங்களிற் பெரிதும் வீழ்ந்து, டொலர் ஒன்றிற்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது 360 ரூபா வரை ஏறியபோது, இறக்குமதிப் பொருள்கள் கைக்கெட்டாதனவாயின. திருத்தி வாழும் பழக்கம் நமக்கு ஒரு செல்வம். ஆனால் அதனை இடமறிந்து பயன்படுத்தல் வேண்டும். வானொலிப் பெட்டி தவறான இணைப்பைச் சிறிது பொறுத்துக்கொள்ளும். இலிதியம் மின்கலம் பொறுத்துக்கொள்ளாது. மின்வாயை விலக்கிவிட்டு மின்கலத்திற்கு நேரே கம்பி இழுத்து மின்னேற்ற முயல்வோர் உளர். மின்கலத்தைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சுற்றைத் தாண்டி மின்சாரம் பாய்ச்சுவது தீயோடு விளையாடுவதாகும். எவ்வகையிலும் அது செய்யத்தக்கதன்று.

திருத்துநரிடம் செல்லும்போது சில கேள்விகளைத் தயங்காது கேளுங்கள். உத்தரவாதக் காலம் இன்னும் உண்டாயின் விற்ற நிலையத்திற்கே முதலிற் செல்லுதல் நன்று. அன்றெனில், பார்வையிடுவதற்கு மட்டும் எவ்வளவு கூலி, இயலாதுபோனால் எவ்வளவு, மாற்றும் உறுப்பு எங்கிருந்து வரும், எத்தனை நாள் ஆகும், வேலைக்கு எத்தனை மாத உறுதி என்று கேட்டு எழுதிப் பெறுக. கழற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தருமாறு கேட்பதிற் குற்றமில்லை. மின்வாயை மாற்றியபின் மின்னேறுகின்றதா என்று பார்ப்பதற்குக் கடவுச்சொல் தேவையில்லை; ஆதலின் அதனைக் கொடுக்க வேண்டியதில்லை. நல்ல திருத்துநர் இக்கேள்விகளால் மனம் நோகமாட்டார்.

திருத்தி வந்தபின், அதே பழுது மீளாதிருக்கக் கருவியை மேசைமேல் வைத்துப் பாவியுங்கள். கம்பி இறுகி இழுபடாது, துளைக்கருகே சிறிது தளர்ந்து கிடக்கட்டும். முனையை நேராகச் செருகி நேராக இழுங்கள். இடம் பெயர்க்கும்போது முதலிற் சார்ஜரைக் கழற்றுங்கள். அப்பிள் நிறுவனம் 2006இல் அறிமுகஞ் செய்த காந்த முனை, கால் இடறினால் தானே கழன்று வீழ்வது. இடையிற் கைவிடப்பட்ட அது 2021இல் மீண்டும் வந்தது. அக்காந்தம் செய்யும் காரியத்தை மற்றக் கருவிகளில் நம் கைதான் செய்தல் வேண்டும்.

நாம் மனத்திற் கொண்ட மாணவிக்கு இப்பொழுது வழி தெளிவாகின்றது. இருக்கும் மின்சாரத்தில் அறிக்கையைப் பிரதிசெய்தல். செருகியையும் சார்ஜரையும் துளையையும் முறையே சோதித்தல். மின்வாயின் வகையை அறிதல். ஏனைய உறுப்புகளின் நலத்தையும் மென்பொருளின் ஆயுளையும் எண்ணி, ஆண்டுக்கணக்கிற் செலவை ஒப்பிடுதல். எல்லை குறித்தபின் திருத்தக் கொடுத்தல். பரீட்சைக்கு முன் கருவி கைக்கு வருமா என்பது ஐயமாயின், அச்சில வாரங்களுக்கு உறவினர் ஒருவரிடம் இரவல் வாங்குவதும் தாழ்வன்று. திருத்துவது என்று முடிவானாலும், விடுவது என்று முடிவானாலும், அம்முடிவு அச்சத்தாலும் அவசரத்தாலும் எடுக்கப்படாமல் அறிந்து எடுக்கப்பட்டதாயிருக்கும்.